குமிழி பார்க்கும் வேலை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றுமுதல் எனக்கு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கேலிக்குச் சொல்லவில்லை. நியமனத்தாளில் 'நீர்ப்பரப்புக் கண்காணிப்பாளர், திரு. காத்தமுத்து' என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். தவமணி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இருவது வருஷமா சும்மா பாத்த வேலைக்கு இப்பத்தான் பேரு வச்சிருக்காங்க" என்றாள். மனைவிமார்களுக்கு இப்படியெல்லாம் பேச யார் சொல்லித்தருகிறார்கள் என்று தெரியவில்லை.

வேலை இதுதான். எங்கள் செங்கரைப்பேட்டையில் கொள்ளிடத்துக்கு அடியில், வடகரையிலிருந்து தென்கரைக்குக் குடிநீர்ச் சுரங்கம் போடுகிறார்கள். ஆற்றுப் படுகைக்குப் பத்து மீட்டர் கீழே ஒரு மிஷின் நகர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே இருப்பதெல்லாம் தண்ணீரில் ஊறிய பொலபொல மணல். தாங்கிப் பிடிக்காவிட்டால் சரியும். அதனால் மிஷின் தன் முகத்துக்கு முன்னால் கெட்டியான களிச்சேற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே மணலை அரைத்து விழுங்குகிறது. அழுத்தம் குறைந்தால் மணலும் ஆறும் உள்ளே வந்துவிடும். கூடினால் சேறும் காற்றும் மணலைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அப்படி வந்தால் முதலில் தெரிவது தண்ணீர்மேல் குமிழி. அதைப் பார்க்கத்தான் நான், ஒரு பரிசல், ஒரு வாக்கிடாக்கி, ஒரு பதிவேடு.

பதிவேட்டில் அரை மணிக்கு ஒரு வரி எழுத வேண்டும். குமிழி உண்டு, அல்லது குமிழி இல்லை. மூன்றாவது பதிலுக்கு இடமில்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை இருபத்துநான்கு முறை 'இல்லை' எழுதினேன். ஸ்டோர்காரர் தவறுதலாக இரண்டு நோட்டு கொடுத்துவிட்டார். இரண்டாவது நோட்டில் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

குமிழி இல்லை. வெயில் உண்டு.

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்த வேலை எனக்குக் கிடைத்த கதையை எழுதிவைக்கலாம். போன மாசியில் சுரங்கக் கம்பெனி இன்ஜினியர் ஷெர்லின் மேடம் எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். மண்ணைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவராம். கையில் நோட்டு வைத்துக்கொண்டு, "இந்த ஆத்துல எங்கயாவது மணல் அள்ளியிருக்காங்களா? உள்ளுக்குள்ள பெரிய பள்ளம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கையில் நோட்டோடு வந்து ஆற்றைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். தாசில்தார், பத்திரிகைக்காரர், மீன் கணக்கெடுக்க வந்த கல்லூரி மாணவி, எல்லோருக்கும் அதே பதில். அன்று கடையில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேரும் சேர்ந்து, "அப்படியெல்லாம் இங்க எதுவும் இல்லீங்க மேடம்" என்றோம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்னபோதுகூட நாங்கள் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

"அப்ப ஆத்தை நல்லாத் தெரிஞ்ச ஆள் யாரு?" என்று அடுத்துக் கேட்டார். ஒன்பது பேரில் எட்டுப் பேர் என்னைக் கைகாட்டினார்கள். ஏன் என்னைக் காட்டினார்கள் என்று கேட்டால், நான் பரிசல் ஓட்டுவேன், அதனால்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குமிழி உண்டு! காலை 9.40க்கு வாக்கிடாக்கியில் கத்திவிட்டேன். மிஷினை நிறுத்தினார்கள். மேடம் மோட்டார் படகில் பறந்து வந்தார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது குமிழி விட்டவர் தலையை நீட்டிக் காற்று வாங்கிவிட்டுப் போனார். மூன்று கிலோ விரால்.

"பரவாயில்ல அண்ணாச்சி. விராலுக்காக மிஷின் பதினாறு நிமிஷம் நின்னுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கிறேன்" என்றார் மேடம். திருச்சிப் பக்கம் என்னை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. மளிகைக்கடை வைத்த மாதிரி இருக்கிறது.

குமிழிக்கும் குமிழிக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தார். மீன் குமிழி நாலு வந்து நின்றுவிடும். மிஷின் குமிழி நிற்காமல் வரும். கூடவே பால் கலந்த மாதிரி வெள்ளையாகச் சேறு கிளம்பும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மிஷினில் வேலை செய்யும் நீலமேகம் என் மச்சினன். தவமணிக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவர்கள் அம்மா போய்விட்டார்கள். அவனை வளர்த்தது தவமணிதான். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன் தீர்த்தான் என்று எழுதலாம். எழுதினால் படித்துவிட்டுத் தலைமேல் ஏறிக்கொள்வான். ஐப்பசியில் கல்யாணம். பெண் லால்குடி.

அவன் வேலை சாதாரணமானதில்லை. மிஷினின் வாயில் இருக்கும் பற்கள் தேய்ந்துபோனால் ஆள் உள்ளே போய் மாற்ற வேண்டும். அப்போது முகத்திலிருக்கும் சேற்றை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் காற்றை அழுத்தி நிரப்புவார்கள். மணலையும் ஆற்றையும் அந்தக் காற்றுதான் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் மூன்று பேர் போய்ப் பல் மாற்றிவிட்டு வருவார்கள்.

"உள்ள போனா விசில் அடிக்கவே வராது மாமா. வாயக் குவிச்சு ஊதுனா காத்துதான் வரும். பேச்செல்லாம் மூக்கால பேசுற மாதிரி இருக்கும்" என்றான். மூடி போட்ட காலி பாட்டில் ஒன்று உள்ளே கொண்டு போனதில் அப்பளமாக நசுங்கிவிட்டதாம். வெளியே வரும்போது சின்ன அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்துத்தான் வர முடியும். அவசரப்பட்டு ஓடிவந்தால் இரத்தத்தில் காற்று கொப்பளிக்கும்.

"அந்தக் காத்து ஓட்டை கண்டுபிடிச்சு மேல போயிருச்சுன்னா?" என்று தவமணி கேட்டாள்.

"அதுக்குத்தான் மேல மாமா உக்காந்திருக்காரு."

தவமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மிஷின் விழுங்கிய மணல் குழாய் வழியாக வடகரைக்கு வந்து, சல்லடையில் சேறு பிரிந்து, குவியலாக விழுகிறது. மத்தியானம் சாப்பிடப் போனபோது ஒரு கை அள்ளிப் பார்த்தேன். துகள் ஒரே அளவு, மண் ஒட்டவில்லை, கையில் கறையில்லை. பூச்சுக்கும் ஆகும், கான்கிரீட்டுக்கும் ஆகும். படுகையில் இருபது அடிக்குக் கீழே போனால்தான் இந்த மணல் வரும். எப்படித் தெரியும் என்றால், இதெல்லாம் ஆற்றங்கரை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று மேடம் ஆற்றில் சிவப்பு மிதவை ஒன்றை நங்கூரமிட்டுக் கட்டினார். சுரங்கத்துக்குள் கான்கிரீட் வளையம் வளையமாகப் பொருத்திக்கொண்டு போகிறார்கள், அதை ரிங் என்பார்கள். இன்றைக்கு 233வது ரிங். 310வது ரிங்கில் மிஷினை நிறுத்திப் பல் மாற்றப்போகிறார்களாம். அந்த 310க்கு நேர் மேலேதான் மிதவை.

ஆறு இங்கே அரைக் கிலோமீட்டர் அகலம். இவ்வளவு அகலத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

குமிழி இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிள்ளையார் கரைக்கும் நாள். ஊர்க்காரர்கள் நாற்பது களிமண் பிள்ளையாரோடு மேளம் அடித்துக்கொண்டு கரையில் இறங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையாரும் மூழ்கும்போது ஐந்து நிமிஷம் குமிழி விடுகிறார். பதிவேட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'குமிழி உண்டு. விநாயகர்' என்று எழுதினேன். மேடம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மிதவையை மூன்று முறை சுற்றி வந்தேன். அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி ஓடுகிறது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மேடத்திடம் ஜாடையாகப் பேசிப் பார்த்தேன்.

"மேடம், இந்த மிதவைய ஒரு இருவது ரிங் முன்னாடி வச்சுக்கலாமே?"

"ஏன் அண்ணாச்சி?"

"தண்ணி ஆழமா இருக்கும்போலத் தெரியுது."

"இல்லையே. எதிரொலிக் கருவி வச்சு அளந்தாச்சு. எல்லா இடத்துலயும் மூணு மீட்டர்தான். படுகை தட்டையா இருக்கு."

தட்டையாகத்தான் இருக்கும். பள்ளம் ஒன்று இருந்து, நாலு வெள்ளத்தில் வண்டல் வந்து நிரம்பியிருந்தால் மேலே பார்க்கத் தட்டையாகத்தான் இருக்கும். உள்ளே கஞ்சி மாதிரி இருப்பது கருவிக்கு எப்படித் தெரியும்? இதை நான் பொதுவாகச் சொல்கிறேன்.

வேறு வழி தோன்றாமல், "இல்லீங்க மேடம், அங்க கன்னிமார் இருக்காங்க. ஏழு பேரு. அவங்களுக்கு நேர் கீழ மிஷின நிறுத்துனா ஆகாது" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மேடம் சிரிக்கவில்லை. கவனமாக நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு மனசு லேசானது.

செப்டம்பர் 3, புதன்

லேசானது தப்பு. கம்பெனி பெரிய மேனேஜர் என்னை அழைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளூர் நம்பிக்கைகளுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறதாம். இன்று காலை பூசாரி, ஏழு சேலை, ஏழு படையல், பம்பை, உடுக்கை எல்லாம் வந்தன. பூசாரியைப் பரிசலில் ஏற்றி மிதவைவரை தள்ளிக்கொண்டு போனவன் நான்தான். அவர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். என் காதருகே, "ஏம்ப்பா, இங்க ஏது கன்னிமாரு?" என்று கேட்டார். "வந்துட்டாங்க" என்றேன்.

பூஜை முடிந்ததும் மேனேஜர், "இனி தைரியமா இங்கயே நிறுத்தலாம்" என்றார். முன்பாவது மிதவையை நகர்த்த வாய்ப்பிருந்தது. இப்போது கன்னிமாரிடம் அனுமதியே வாங்கியாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. நெய் குறைவு.

ரிங் 279.

செப்டம்பர் 4, வியாழன்

ரத்தினம் அண்ணன் கரைக்கு வந்திருந்தார். இப்போது கல்லை உடைத்துச் செய்யும் மணல் விற்கிறார். இந்தச் சுரங்கத்துக்கும் அவர்தான் அனுப்புகிறார். முன்பு வேறு தொழில் பார்த்தார். நான் அவரிடம் இரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன்.

"என்ன காத்தமுத்து, கன்னிமாருக்கெல்லாம் பூசை போடுறியாமே."

"ஆமாண்ணே."

"நல்லது. சாமி கும்பிட்டமா, போனமான்னு இருக்கணும். பழசக் கிளறாத. உன் பேரும் அதுல இருக்கு, மறந்துறாத" என்று சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். பாசமாகத்தான் தட்டினார். மாலைவரை வலித்தது.

பல் மாற்ற முதலில் உள்ளே போகும் மூவர் பட்டியலில் நீலமேகம் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமை.

செப்டம்பர் 5, வெள்ளி

நீலமேகத்துக்குச் சளி பிடித்திருக்கிறது. கடவுள் இருக்கிறார். சளி இருந்தால் காது அடைத்துக்கொள்ளும், அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்துவிடும் என்று டாக்டர் உள்ளே விடமாட்டார். மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினால் காது 'டப்' என்று திறக்க வேண்டும். திறக்காவிட்டால் வீட்டுக்கு.

வேலை முடிந்ததும் அவனை லால்குடி ரோட்டுக்கு அழைத்துப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன். பிறகு ரோஸ்மில்க். பிறகு இன்னொரு ஐஸ்கிரீம்.

"என்ன மாமா, எனக்குப் பொண்ணு பாக்கும்போதுகூட நீ ஒரு டீ வாங்கித்தரல."

"கல்யாணம் ஆகப்போற பையன். சாப்புடு மாப்ள."

வீட்டுக்கு வந்தால் தவமணி நொச்சி இலை கொதிக்கவைத்துப் போர்வையோடு தயாராக நின்றாள். ஆவி பிடிக்கவைத்து, மிளகு ரசம் கொடுத்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, நான் கஷ்டப்பட்டுச் செய்த வேலையை ஒரு மணி நேரத்தில் கெடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 6, சனி

இன்று இரண்டு ஐஸ்கிரீமும் ஒரு சர்பத்தும். மதியம் மருத்துவப் பரிசோதனையில் அவன் காது திறக்கவில்லை. டாக்டர் பத்து நாளைக்கு உள்ளே போகக்கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அவன் என்னோடு பேசவில்லை. நான் பரிசலில் தனியாக உட்கார்ந்து ஒரு பழைய பாட்டை முழுசாக விசிலடித்தேன்.

சாயங்காலம் கரையில் இறங்கும்போது மஹாதோ நின்றுகொண்டிருந்தான். ஜார்க்கண்டுக்காரன், நீலமேகத்தோடு வேலை செய்கிறவன். தினமும் எனக்குத் தன் டப்பாவிலிருந்து ஊறுகாய் கொடுப்பான். அரைகுறைத் தமிழில், "அண்ணா, நீலமேகம் இல்ல. திங்கள் நான் போறேன்" என்றான். சந்தோஷமாகச் சொன்னான். உள்ளே போகிறவர்களுக்குத் தனிப்படி உண்டு. செல்போனை எடுத்து அவன் அக்காவுக்கு வீடியோவில் காட்டினான். "இவர் மேல பாக்குறார். நம்ம ஆள்" என்று என்னைக் காட்டிச் சொன்னான். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

இன்று அவன் நீட்டிய ஊறுகாயை நான் வாங்கவில்லை.

ரிங் 299.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை ஆறரைக்கு மேடத்தை ஆற்றுக்குக் கூப்பிட்டேன். என்ன விஷயம் என்று கேட்டார். வாருங்கள் என்றேன். ஆறு மீட்டர் மூங்கிலில் இன்னொரு மூங்கிலை இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

மிதவைக்கு முப்பது அடி தள்ளி முதலில் குத்தினேன். மூன்று மீட்டரில் 'ணங்' என்று நின்றது. "சரி, இதுதான் படுகை" என்றார். பரிசலை மிதவைக்குத் தள்ளினேன். மூங்கிலை மேடத்தின் கையிலேயே கொடுத்தேன். மூன்று மீட்டரில் லேசாகத் தட்டியது. பிறகு இறங்கியது. அவர் அழுத்தவே இல்லை, அதுவாக இறங்கியது. ஐந்து. ஆறு. கட்டுப் போட்ட இடம் தண்ணீருக்குள் போனது. ஒன்பது மீட்டரில்தான் நின்றது.

மேடம் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். தண்ணீர் மூன்று மீட்டர். மீதி ஆறு மீட்டரும் குழிக்குள் கிடக்கும் சகதி. மிஷினுக்கு மேலே பத்து மீட்டர் மணல் இருப்பதாக அவர் கணக்கு. உண்மையில் இருப்பது நாலு.

"அண்ணாச்சி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதுவரை இந்த நோட்டிலேயே நான் எழுதாததை அவரிடம் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குழியைத் தோண்டியது நான். ரத்தினம் அண்ணனின் பொக்லைனை ஓட்டியது நான். ஆறு வறண்டு கிடந்த கோடையில், விளக்கை அணைத்துவிட்டு இரவு வேலை. நாற்பது அடி அகலம், அறுபது அடி நீளம், இருபதடி ஆழம். தண்ணீர் ஊறி வண்டி சரியும்வரை அள்ளினேன். மாசியில் டீக்கடையில் நீங்கள் கேட்டபோது இல்லை என்று சொன்ன ஒன்பது பேரில் மூன்றாவது குரல் என்னுடையது.

மேடம் மூங்கிலை என் கையில் திணித்தார். பிறகு வந்தது பாருங்கள், நாகர்கோவில் தமிழ். அதில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியே போதும்.

"ஒரு வாரமா கன்னிமாருன்னு கதை விட்டுட்டு, என்னைக் கூட்டிட்டுப் போய் ஏழு சேலை வாங்க வச்சீங்களே! நாளைக்கு அங்க காத்து அழுத்தி மூணு பேரை உள்ள விட்டிருந்தா? காத்து பொத்துக்கிட்டு மேல போயிருக்கும், ஆறு உள்ள வந்திருக்கும். ஒருத்தனும் வந்திருக்கமாட்டான். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். அதான் நீலமேகத்துக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. மேடத்துக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வாக்கிடாக்கியில் மிஷினை நிறுத்தச் சொன்னார். ரிங் 301.

செப்டம்பர் 8, திங்கள்

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்துக்குப் போகும், வருவாய்த்துறைக்கும் போகும், வழக்கு வரலாம் என்று மேனேஜர் சொன்னார். இந்த முறை கை குலுக்கவில்லை. வேலையைவிட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். மேடம், "குழியோட ஓரம் இவருக்கு மட்டும்தான் தெரியும். மூடி முடிக்கிறவரை இவர் இங்கதான் இருப்பார்" என்று சொல்லிவிட்டார்.

தவமணியிடம் சொல்வதுதான் பாக்கி. அந்த இரண்டு வருஷமும் ஓசூரில் ரோடு போடும் வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ரெண்டு வருஷம் உங்க சட்டை, கால்சட்டையெல்லாம் தொவைச்சது யாரு? ஒவ்வொரு வாரமும் வாளி அடியில ஒரு கை ஆத்து மணலு. ஓசூர்ல ஏதுங்க ஆறு?"

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். பதினோரு வருஷமாச்சு" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 10, புதன்

பல்லை 301லேயே மாற்றிவிட்டார்கள். அங்கே மேலே பத்து மீட்டர் தோண்டாத மணல். மஹாதோ உள்ளே போய் வந்து எனக்கு ஊறுகாய் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

எங்களுக்குக் குழி மூடும் வேலை. களிமண் மூட்டைகளைப் படகில் ஏற்றி வந்து, நான் மூங்கில் குத்திக் காட்டும் இடத்தில் ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள். அள்ளியபோது மூன்று வாரத்தில் அள்ளினேன். நிரப்புவதற்கு மூட்டை மூட்டையாகக் கையால். டீக்கடையில் இப்போது எனக்கு மட்டும் டீ ஆறிப்போய் வருகிறது. எட்டுப் பேரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 13, சனி

1,140 மூட்டை. முதுகு என்னுடையதாக இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று மிஷின் குழிக்குக் கீழே நுழைந்தது. நீலமேகத்தைக் காற்றறைக்குள் விடவில்லையே தவிர, ரிங் பொருத்தும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். மிஷினுக்குப் பின்னாலேயே நிற்கிறான். இதற்கு ஐஸ்கிரீம் உதவாது.

பதினொரு மணிவரை குமிழி இல்லை. ரிங் 308. பதினொன்றே காலுக்கு மிதவைக்கு மேற்கே ஒரு கை அகலத்தில் தண்ணீர் நடுங்கியது. ஒரு குமிழி. இரண்டு. நிற்கவில்லை. கீழேயிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி வந்தது.

"மேடம், குமிழி! மிதவைக்கு மேற்கால ரெண்டு மீட்டர்!"

"மீன் இல்லையே அண்ணாச்சி?"

"மீன் பால் குடிக்காது மேடம்! வெள்ளையா வருது, குறைங்க!"

அவர் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வது வாக்கிடாக்கியில் கேட்டது. குறைத்தால் கீழே மணல் சரியலாம், அங்கே நீலமேகம். குறைக்காவிட்டால் மேலே வாய் திறந்துவிடும், அப்போதும் நீலமேகம்தான். நானும் மூட்டைப் படகுக்காரர்களும் குமிழி வந்த இடத்தில் கண்மூடித்தனமாக மூட்டைகளைத் தள்ளினோம். முப்பது, நாற்பது, எண்ணவில்லை. நான் வாய்விட்டுக் கன்னிமாரைக் கூப்பிட்டேன். நானே உண்டாக்கிய சாமியை நானே கூப்பிட்டேன், ஏழு பேரையும்.

வெள்ளை மெல்ல மங்கியது. குமிழி இரண்டானது. ஒன்றானது. 11.52க்குப் பதிவேட்டில் எழுதினேன்: குமிழி இல்லை. கையெல்லாம் களிமண்ணாக இருந்ததில் அதை மேடத்தாலேயே படிக்க முடியவில்லை.

மாலை ஐந்தரைக்கு ரிங் 318. குழி பின்னால் போய்விட்டது. நீலமேகம் மேலே வந்து, மோட்டார் படகில் என் பரிசலுக்கே வந்துவிட்டான். என் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டு பரிசலை அவனே கரைக்குத் தள்ளினான்.

செப்டம்பர் 22, திங்கள்

மேடம் கூப்பிட்டு, சுரங்கத்தின் புது வரைபடத்தில் ஒரு பிரதி கொடுத்தார். ஆற்றின் நடுவில் கோடு போட்ட ஒரு வட்டம். பக்கத்தில் அச்செழுத்தில்: 'காத்தமுத்து குழி. ஆழம் 6.1 மீ. நிரப்பப்பட்டது.'

"மேடம், பேரை எடுத்துறலாமே."

"அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் இதைப் பழுதுபார்க்க வருவாங்க. அவங்க கேட்டா உங்க ஊர்ல என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும். அதனால வரைபடத்துலயே இருக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஊரில் சிலர் பெயரில் தெரு இருக்கிறது, ஒருவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. என் பெயரில் குழி.

வீட்டில் தவமணி வரைபடத்தைத் தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். என் பெயரை விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு கேட்டாள்:

"ரெண்டு வருஷம் தோண்டுனீங்க. இது மூணு வாரத்து வேலைன்னீங்க. மத்ததெல்லாம் எங்க?"

மற்றவை சுரங்கத்தின் வழியில் இல்லை, யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தென்கரைப் படித்துறையில் பிள்ளைகள் குளிக்கும் சத்தம் வீடுவரை கேட்டது. அவள் பேனாவை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்கிக்கொண்டேன். படித்துறையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக வட்டம் போட்டேன். பதினேழாவது வட்டத்தில் தாள் முடிந்துவிட்டது.